முன் இருக்கையில் கப்பல்காரம்மா

தெருவில் அவளுக்குக் கப்பல்காரம்மா என்று பெயர் விழுந்தது கார் வந்த அன்றைக்குத்தான். அதுவரை லிப்ட்காரர் வீட்டம்மா. கணவர் மாடிக் கட்டடங்களில் லிப்ட் பழுது பார்க்கிறவர். கம்பெனிப் பெரியவர் புதுக் கார் வாங்கியபோது, தான் ஓட்டிக்கொண்டிருந்த பெரிய செடான் காரை இவருக்குக் கைமாற்றிவிட்டார். நீண்ட மூக்கு, அதற்குச் சளைக்காத வால், நடுவில் ஒரு குடும்பமே குடியிருக்கலாம் போல இடம். முதல் நாள் அதைத் தெருமுனையில் திருப்பியபோது மூக்கு உள்ளே வந்து வெகுநேரம் ஆகியும் வால் பெரிய சாலையிலேயே நின்றது. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

"ஏம்ப்பா, கப்பலை வாங்கிட்டே, கடலை எப்ப வாங்கப் போறே?" என்று தையல்கடைக்காரர் கடையிலிருந்தே கத்தினார். தெரு சிரித்தது. லிப்ட்காரரும் சிரித்தார். அவர் அப்படிப் பல் தெரியச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

அந்தக் காரோடு வாழ்வது வீட்டில் ஒரு மூத்த மச்சானை வைத்துக்கொண்டு வாழ்வது மாதிரி. எல்லாம் பெரிதாகக் கேட்கும். பெட்ரோலை ஒட்டகம் தண்ணீர் குடிக்கிற மாதிரி குடித்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அதன் அடிவயிறு உரசும். உரசும்போதெல்லாம் அவர் தன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவர் போல "ஸ்ஸ்" என்பார். வீட்டுச் சுவரை ஒட்டித்தான் நிறுத்த முடியும் என்பதால், சுவர்ப் பக்கத்துக் கதவு திறக்காது. ஆகவே அவள் முன்கூட்டியே தெருவில் இறங்கிக்கொண்டு, அவர் நிறுத்தி முடிக்கும்வரை பையோடு நிற்பாள். மழையானாலும் நிற்பாள். ஆனால் பின் இருக்கை இருக்கிறதே, அது சொர்க்கம். மூன்று பேர் முட்டி இடிக்காமல் உட்காரலாம். மகள் சிறுமியாக இருந்தபோது அதில் நீட்டிப் படுத்துத் தூங்கினாள். கல்லூரி விடுதிக்குப் பெட்டி படுக்கையோடு போனாள். கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்கும் அதில்தான் போனாள். டிக்கியில் பீரோ ஒன்றுதான் ஏறவில்லை. மற்ற எல்லாம் ஏறியது.

கப்பல்காரம்மா ஒரு ஓட்டலின் துவைப்புக் கூடத்தில் வேலை பார்த்தாள். படுக்கை விரிப்புகளை மடிப்பது அவள் பிரிவு. அது ஒருத்தியாகச் செய்கிற வேலை இல்லை. எதிரெதிரே இரண்டு பேர் நின்று, ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறி, இழுத்து, மடித்து, நெருங்கி வந்து மூலைகளைக் கைமாற்ற வேண்டும். இயந்திரச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. விரிப்பின் வழியாக வருகிற இழுப்பை வைத்தே எதிராளி அடுத்து என்ன செய்யப்போகிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். லேசாகச் சுண்டினால் உதறு. அழுத்தி இழுத்தால் நில். தளர்த்தினால் வா. அவளுக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. வாய் திறக்க வேண்டாம் என்பதே காரணம். இளவயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் முன்னால் பேச நேர்ந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கண் மட்டும் ஓயாது. எதிரே மடிக்கிற ஜோடிக்காரி சொல்லுவாள், "உனக்குப் பேச்சுக்கும் சேர்த்துக் கண்ணைக் குடுத்துட்டாங்கடி."

லிப்ட்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கதவு நிலைகளில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிட்டார். "இதை யார் இங்க வச்சது?" என்று அவளிடம் எரிந்து விழுந்தார். அவளே பிடிவாதமாகக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போனாள். மருத்துவர் ஒரு இயந்திரத்துக்குள் அவர் முகத்தை வைத்து நெடுநேரம் சோதித்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது என்றார்.

"நேரா பாக்கறது நல்லாத் தெரியும். ரெண்டு பக்கமும் போயிடுச்சு. சாவி ஓட்டை வழியா உலகத்தைப் பாக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க. சொட்டு மருந்து போட்டா இருக்கிறது மிஞ்சும். போனது வராது. வண்டி ஓட்டவே கூடாது."

வெளியே வந்ததும் அவர் கேட்டார்: "நான் பேப்பர் படிக்கலை? ஊசியில நூல் கோத்துக் குடுக்கலை? எனக்கா கண்ணு தெரியாது?" காரருகே வந்து சாவியை எடுத்தபோது குரல் இறங்கிவிட்டது. "பொண்ணுகிட்ட மூச்சு விடாத. சாவியை வாங்கி வச்சுக்குவா. அப்புறம் நான் வீட்டுல உட்கார்ந்து சுவரைத்தான் பாக்கணும்."

அவள் தலையை ஆட்டினாள். அப்போது தலையாட்டியது பெரிய விஷயமாகப் படவில்லை. தினமும் எத்தனையோ விஷயத்துக்கு ஆட்டுகிற தலைதான்.

திரும்பி வருகிற வழியில், அவள் உட்கார்ந்திருந்த பக்கமாக ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். கணவர் பார்க்கவில்லை. அவளுக்கு வாய் வரவில்லை, கை போயிற்று. கியரின் மேல் இருந்த அவருடைய கையை அவள் இறுகப் பிடித்து அழுத்தினாள். கார் நின்றது. சைக்கிள்காரர் திட்டிக்கொண்டே போனார். கொஞ்ச தூரம் போன பிறகு அவர், "கையை எடுக்காத" என்றார்.

அன்றிலிருந்து அப்படித்தான். கியரின் மேல் அவர் கை, அதன் மேல் அவள் கை. அவள் பக்கத்திலிருந்து ஏதாவது வந்தால் சுண்டுவாள். நிறுத்த வேண்டுமென்றால் அழுத்திப் பிடிப்பாள். வழி காலியென்றால் விரலைத் தளர்த்துவாள். துவைப்புக் கூடத்து மொழிதான். விரிப்புக்குப் பதில் கை. அவர் பக்கத்துத் தெருவைப் பார்க்க அவள் கழுத்தை நீட்டி நீட்டிக் கழுத்தே வலித்தது. கடைக்குப் போனாலும், அவளை வேலைக்குக் கொண்டுவிட்டாலும், அவள் இல்லாமல் அவர் காரை எடுப்பதில்லை. அவளை விட்டுவிட்டு அவர் எப்படித் திரும்புவார்? திரும்ப மாட்டார். ஓட்டல் எதிரே மரநிழலில் காரை நிறுத்தி, அவள் வேலை முடியும்வரை பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

வெளியே பார்க்கிறவர்களுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. "வீட்டுக்காரர் கையை விடவே மாட்டேங்கிறியே, விட்டா பறந்துடுவாரா?" என்றாள் ஜோடிக்காரி. "நாள் பூரா வாசல்ல வேற காத்துக் கிடக்கிறாரு! எங்க வீட்டு ஆளு கடைசியா என் கையைப் பிடிச்சது பாத்ரூம்ல வழுக்கி விழுந்தப்ப. அதுவும் அவரு விழுந்தப்ப."

தையல்கடைக்காரர், "கப்பலுக்கு ரெண்டு கேப்டன்" என்றார். மகள்கூட ஒருமுறை பின் இருக்கையிலிருந்து அந்தக் கைகளைப் போட்டோ எடுத்துத் தன் புருஷனுக்கு அனுப்பினாள்: "பாரு, கத்துக்கோ."

இதில் சொல்ல வெட்கமான ஒன்றும் இருந்தது. இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் தெருவில் வைத்து அவர் அவள் கையைத் தொட்டதே இல்லை. நடந்தால் நாலடி முன்னால் நடப்பார். இப்போது காரில் ஏறி உட்கார்ந்ததும் கையைக் கியரின் மேல் வைத்து, அவள் கை வந்து விழும்வரை வண்டியைக் கிளப்பாமல் காத்திருக்கிறார். அவர் விரலோரங்களில் லிப்ட் கம்பி இழுத்த காய்ப்பு அவளுக்குத் தட்டுப்பட்டது. இப்படி ஓட்டுவது எத்தனை ஆபத்தான காரியம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் வீடு வந்து இறங்கும்போது, இனிமேல் ஏறக் கூடாது என்று நினைப்பாள். ஆனாலும் மறுநாள் கிளம்பும்போது, அவளே முதலில் போய்க் காரில் உட்கார்ந்திருப்பாள்.

மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்று அவள் முதலில் நினைத்தது காரைத்தான். தாங்கள் இரண்டு பேர் மட்டும் போய் வருவது வேறு. குழந்தை அந்தக் காரில் ஏறுவதற்குள் மகளிடம் சொல்லியாக வேண்டும். அதை அவள் தனக்குத் தானே விதித்துக்கொண்டாள். எத்தனையோ முறை போனை எடுத்தாள்.

"அப்பாவுக்கு வந்து..."

"அப்பாவுக்கு என்னம்மா?"

"ஒன்னுமில்ல. நீ சாப்பிட்டியா?"

"இதைக் கேக்கவா இந்த நேரத்துல கூப்பிட்ட? நல்ல அம்மா போ!"

பிரசவம் முடிந்தது, அறுவை சிகிச்சை. பெண் குழந்தை. வீட்டுக்கு அனுப்புகிற நாளுக்கு முந்தின மாலை அவள் கணவரிடம் கேட்டுவிட்டாள். "நாளைக்குப் பாப்பாவைக் கூட்டிட்டு வர வாடகைக் கார் சொல்லிடலாங்களா?"

"எதுக்கு? என் பேத்தி கண்டவன் வண்டியில வரணுமா? கப்பல் எதுக்கு இருக்கு?" அவர் காரின் உள்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "நீ பக்கத்துல இருக்கும்போது எனக்கு என்ன பயம்?"

இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வருமா என்று அவள் கல்யாணமான புதிதில் ஏங்கியிருக்கிறாள். அது வரக் கூடாத நாளில் வந்தது.

மருத்துவமனை வாசலில் கார் நின்றது. அவள் வழக்கம்போல முன் கதவின் கைப்பிடியில் கை வைத்தாள்.

"அம்மா, நீ எங்க முன்னாடி ஏறுற?" என்றாள் மகள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூனி நின்றாள். "பின்னாடி வா. எனக்குத் தையல் இழுக்குது. பாப்பாவை நீதான் வச்சுக்கணும்."

"மாப்பிள்ளை பின்னாடி உட்காரட்டுமே. எனக்குப் பின்னாடி உட்கார்ந்தா தலை சுத்தும்."

"அத்தை, எனக்குப் பாப்பாவைப் பிடிக்கவே பயமா இருக்கு, மீன் மாதிரி நழுவுது" என்று சிரித்தான் மருமகன். கொக்கு மாதிரி நீளமான கால்கள் அவனுக்கு. அவள் விலகுவதற்குள் முன் இருக்கையில் மடங்கி உட்கார்ந்துவிட்டான்.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கை கியரின் மேல் இருந்தது. முகம் நேரே கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தது. இப்போதாவது அவர் "எனக்கு உடம்பு சரியில்லை, மாப்பிள்ளை ஓட்டட்டும்" என்பார் என்று நினைத்தாள். இப்போதாவது தான் சொல்லிவிடுவோம் என்றும் நினைத்தாள். பின்னால் ஆம்புலன்ஸ் ஒன்று வந்து ஹாரன் அடித்தது. "சீக்கிரம் ஏறும்மா!" என்றாள் மகள். ஏறினாள். மடியில் குழந்தையை வைத்தார்கள். இரண்டு கையும் நிறைந்துவிட்டது.

சரி, வாயால் சொல்லிவிடலாம் என்று அவள் முடிவு செய்தாள். பேச்சுப் போல, வேடிக்கை பார்க்கிறவள் போல.

"அங்க பாருங்க, லாரி ஒன்னு ஓரமா நிக்குது. என்ன பெரிய லாரி!" கார் விலகியது. "ஐயோ, அந்தப் பொம்பளை நாயைக் கூட்டிக்கிட்டுக் குறுக்க வரா பாருங்க." கார் மெதுவாயிற்று. "சிவப்பு விளக்கு எவ்வளவு அழகா எரியுது!"

மருமகனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அத்தைக்குப் பேத்தி வந்ததும் வாய் வந்துடுச்சு. மாமா, இனிமே உங்க பாடு திண்டாட்டம்." அப்புறம் அவன் தன் போனில் குழந்தையின் படத்தை யாருக்கோ அனுப்பத் தொடங்கினான்.

"சந்தோஷத்துல உளறுறா" என்றார் அவர். கழுத்து வேர்த்திருந்தது. பின்னாலிருந்து அவளுக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். பெரிய சாலையிலிருந்து பிரிகிற இடம். அதுவரை கண்ணை மூடியே இருந்த குழந்தை அப்போதுதான் முகத்தைச் சுளித்து, ஒரு கையைத் துணியிலிருந்து உருவி வெளியே நீட்டியது. அவள் விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டது. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து அவள் அந்த முகத்தை நின்று பார்த்ததில்லை. ஆளுக்கு ஆள் வாங்கி, ஓடி, துவைத்து, வெந்நீர் வைத்து, அதிலேயே நாட்கள் போயிருந்தன. அவள் குனிந்து பார்த்தாள். மகளின் நெற்றி, கணவரின் மூக்கு.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. பெரிய சத்தம் கூட இல்லை. பாத்திரம் நசுங்குகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் கண்ணாடி கொட்டியது. குழந்தையை அவள் தன் உடம்போடு சுருட்டிக்கொண்டாள். மகள் "அம்மா" என்று வயிற்றைப் பிடித்தாள். பக்கத்துச் சாலையிலிருந்து வந்த பார்சல் கொண்டுபோகிறவர், தன் பைக்கோடு மருமகன் பக்கத்து முன் கதவுக்கும் நடைபாதைக் கல்லுக்கும் நடுவில் கிடந்தார். அவருடைய பெட்டி திறந்து பொட்டலங்கள் சாலை முழுக்க உருண்டன. கால் ஒன்று திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"எங்கிருந்து வந்தான்? எங்கிருந்து வந்தான் இவன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார் லிப்ட்காரர். உண்மையாகவே கேட்டார்.

மகளுக்குத் தையல் பிரிந்தது. மறுபடி மருத்துவமனையில் சேர்த்தார்கள். மருமகன் கையில் கட்டு. குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. பார்சல்காரருக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். கணவர், மருமகன், அவள் மூன்று பேரும் போனார்கள். அதிகாரி வயதில் மகளைவிடச் சின்னவராக இருந்தார், மரியாதையாகப் பேசினார்.

"அவன்தான் சார் கண்ணு மண்ணு தெரியாம வந்தான்" என்றார் லிப்ட்காரர்.

"ஆமா சார், நான் முன்னாடிதான் இருந்தேன். திடீர்னு வந்தாரு" என்றான் மருமகன். அவன் பொய் சொல்லவில்லை. போனிலிருந்து தலை நிமிர்ந்தவனுக்கு எல்லாம் திடீரென்றுதான் வந்திருக்கும்.

"ஐயாவுக்கு வயசாயிடுச்சு, அதான் கேக்கிறேன். தப்பா நினைக்காதீங்க. அந்தக் காலண்டர்ல என்ன எழுதியிருக்கு?"

எதிர்ச்சுவர் காலண்டரில் அச்சுக்கடையின் முகவரி பொடி எழுத்தில் இருந்தது. அதைக்கூட விடாமல் கடகடவென்று படித்தார் அவர். அதிகாரி தலையசைத்தார். "கண்ணு என்னைவிட நல்லா இருக்கு. பார்சல்காரன் மேல எழுதிடலாம். இவனுங்க எல்லாம் நேரத்துக்குக் கொண்டுபோகணும்னு இப்படித்தான் பறக்கிறானுங்க."

அவள் சுவரோரம் பெஞ்சில் இருந்தாள். கால் போனவர் மேலேயே குற்றமும் போகப்போகிறது. இன்னும் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அப்புறம் காரைச் சரிசெய்வார்கள். அவர் மறுபடி கையைக் கியரின் மேல் வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருப்பார். குழந்தையும் வளர்ந்து பின் இருக்கையில் நீட்டிப் படுக்கும்.

எழுந்தாள். நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. அதனால் நடந்துபோய்க் கணவரின் தோளுக்கு அருகே நின்றுகொண்டாள். அவருடைய கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டி, விரல்களை விரித்து ஆட்டினாள். அவர் நேரே அதிகாரியைப் பார்த்துப் புன்னகைத்தபடி இருந்தார். இமைகூட அசையவில்லை. கையை இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தாள். ஒன்றுமில்லை. அதிகாரியின் பேனா நின்றது. மருமகன் வாயைப் பிளந்தான்.

"பக்கத்துல தெரியாதுங்க" என்றாள் அவள். "டாக்டர் ஓட்டக் கூடாதுன்னுட்டாரு. நான்தான் பாத்துச் சொல்லுவேன். நேத்து நான் பாக்கலை."

தூக்கிவாரிப்போட்டது போல அவர் திரும்பினார். அத்தனை அருகில் அவளைக் கண்டதும் பயந்து பின்னால் சாய்ந்தார்.

வெளியே வந்ததும் அவர் அவளிடம் பேசியது ஒன்றுதான். "நீ ஒருத்தி வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா போதும். காலமெல்லாம் இருந்தவதானே?"

பார்சல்காரரைப் பார்க்க அவள் தனியாகப் போனாள். அவருடைய மனைவி வாசலிலேயே நின்றாள், உள்ளே விடவில்லை. "நீங்கதான் உண்மையைச் சொன்னவங்களாமே" என்றாள். கோபமாகக்கூட இல்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா." கப்பல்காரம்மா கொண்டுபோன பழப்பையைக் கீழே வைக்கவும் முடியாமல், திருப்பிக் கொண்டுவரவும் முடியாமல், படிக்கட்டில் உட்கார்ந்திருந்து எழுந்து வந்தாள்.

மகளிடம் மருமகன் சொல்லிவிட்டிருந்தான். மகள் அழவில்லை. "அப்பாவுக்குக் கண்ணு தெரியலை. அவரை என்ன சொல்ல? உனக்குத் தெரிஞ்சதேம்மா. தெரிஞ்சே என் பிள்ளையை மடியில வாங்கிக்கிட்டு ஏறி உட்கார்ந்தியேம்மா."

நோயாளி மேல் கோபப்படுவதற்கு ஒன்றுமில்லை. அதனால் எல்லாருடைய கோபமும் பார்வை உள்ளவள் மேல் வந்து சேர்ந்தது. அதில் அநியாயம் எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் தானும் அப்படித்தான் செய்திருப்பாள் என்று தோன்றியது.

நசுங்கிய காரைப் பழைய இரும்புக்காரர் வந்து கட்டி இழுத்துப் போனார். தெருமுனையில் அதன் வால் திரும்ப வெகுநேரம் ஆயிற்று. தையல்கடைக்காரர் கடையை விட்டு வெளியே வரவில்லை.

குழந்தை குப்புற விழப் பழகிய பிறகு ஒருநாள் மகள் வந்தாள். அப்பாவைப் பார்க்க. கூடத்துக் கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் குழந்தையைப் படுக்கவைத்தாள். "தாத்தாகிட்ட இரு" என்றாள். அம்மாவிடம் பார்வையைத் திருப்பாமலே, "நீ உன் வேலையைப் பாரும்மா" என்றாள். போன் வந்தது, பேசிக்கொண்டே வாசலுக்குப் போனாள்.

அவள் சமையலறை வாசலிலேயே நின்றாள். அவர் நேரே பார்த்தபடி தொலைக்காட்சியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தை ஒருமுறை புரண்டது. இன்னொருமுறை புரண்டது. கட்டிலின் விளிம்புக்கு வந்துவிட்டது. அது அவருக்குப் பார்வை போய்விட்ட பக்கம்.

அவள் சத்தமில்லாமல் வந்து தரையில் மண்டியிட்டாள். குழந்தையைத் தூக்கவில்லை, தூக்கச் சொல்லி யாரும் கொடுக்கவில்லை. இரண்டு முன்னங்கைகளையும் விளிம்பின் மேல் குறுக்கே வைத்து, சுவர் மாதிரி அசையாமல் இருந்தாள். குழந்தை வந்து அதில் முட்டிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை.

மகள் உள்ளே வந்தாள். கட்டிலை, அப்பாவை, தரையில் இருந்தவளைப் பார்த்தாள். வந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நான் கிளம்பறேன்ப்பா."

"அதுக்குள்ளயா? பாப்பா என்கிட்ட சமர்த்தாத்தானே இருந்தது" என்றார் அவர்.

"ஆமாப்பா" என்றாள் மகள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. முழங்கால் மரத்துப்போயிருந்தது. அவள் உடனே எழுந்திருக்கவில்லை. செய்தி முடிந்து வேறு நிகழ்ச்சி தொடங்கும்வரை, அவருக்குத் தெரியாத பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.